எஃப் வரிசையில் ஒரு குரவை

1

என் மனைவி ஹபீபா இலண்டனில் நாடகம் நடிக்கிறாள் என்று கல்முனைக்குடியில் ஒரு கதை உலாவுவதாக மச்சான் எழுதியிருக்கிறார். சந்தையில் மூன்று பேர் அவரிடம் விசாரித்தார்களாம். ஒருவர் அவளுடைய சம்பளத்தையும் சொன்னாராம். ஊரில் இருந்தபோது நான் ஒரு கொழும்புப் பத்திரிகைக்குப் பதினொரு வருஷம் பிரதேச நிருபராக இருந்தவன். செய்தி பிழையாகப் போனால் திருத்தம் போட வேண்டும் என்பது அங்கே படித்த பாடம். ஆகவே இந்தத் திருத்தம்.

ஹபீபா நடிக்கவில்லை. மேடையில் ஏறவும் இல்லை. எஃப் வரிசையில், பன்னிரண்டாம் ஆசனத்தில் இருந்தபடி குரவை போட்டாள். கலியாண வாசலில் நம் பெண்கள் நாக்கைப் புரட்டிப் போடுவார்களே, அதே குரவை, ஒரே மூச்சு. சம்பளம் யாரும் கொடுக்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை. மிச்சத்தை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

2

நாங்கள் இங்கே வந்து இந்த ஜூலையுடன் ஐந்து வருஷம். நான் ஒரு சுரங்க ரயில் நிலைய வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் டிக்கெட்டுகளை வாங்கிப் பார்க்கிறேன். காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பகல் ஒன்றரைக்கு முடியும் வேலை. ஹபீபா வீட்டிலிருந்து தைக்கிறாள். கிழமைக்கு இரண்டு தடவை ஒரு வேன் வந்து வெட்டிய துணியைப் போட்டுவிட்டுத் தைத்ததை எடுத்துப் போகும். வேன்காரனிடம் சொல்லும் நாலைந்து சொல்லுக்கு மேல் அவளுக்கு இங்கிலீசு தேவைப்பட்டதில்லை.

மகள் றிஸ்னாவுக்குப் பதினான்கு வயது. ஒன்பது வயதில் வந்தவள். வைத்தியரிடமும் நகரசபைக் கந்தோரிலும் பக்கத்து வீட்டிலும் எங்களுக்காகக் கதைப்பவள் அவள்தான். ஆரம்பத்தில் அதைப் பெருமையாகச் செய்தாள். பிறகு கடமையாகச் செய்தாள். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு சுருக்கமாக முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் செய்கிறாள். பஸ்ஸில் உம்மாவுக்கு இரண்டு ஆசனம் முன்னால் போய் இருப்பாள். பக்கத்தில் இடம் இருந்தாலும் அப்படித்தான். ஹபீபா சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மகளின் பின்னலைப் பார்த்தபடி வருவாள். இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களுக்கு நான் மட்டும்தான் போகிறேன். அந்த அழைப்புக் கடிதங்கள் என் கையில்தான் தரப்படும், அதுவும் ஹபீபா குசினியில் இருக்கும்போது.

றிஸ்னாவின் பள்ளிக்கூடம், படிப்பு வருஷம் முடியும் கோடையில், நகரசபையின் நாடக மண்டபத்தை எடுத்து, செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாடகம் போடும். இந்த வருஷம் இசை நாடகம். கதையின் முக்கால்வாசியைப் பாட்டாகவே பாடுவார்கள், கீழே ஒரு குழியில் இருபது பிள்ளைகள் வாத்தியம் வாசிப்பார்கள். கதை, இங்கே படித்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது புரட்டியிருக்கும் பழைய நாவல் ஒன்று.

அதைச் சுருக்கிச் சொன்னால்: ஒரு சிறிய துறைமுக ஊர். படகு கட்டும் தச்சனின் மகள். அவள் விரும்பியவன்மேல் ஒரு படகை வேண்டுமென்றே மூழ்கடித்தான் என்று பழி வருகிறது. அவன் குற்றமற்றவன் என்று தெரிந்த பிறகும் ஊர் தன் பிழையை ஒத்துக்கொள்ள மறுக்கிறது. அவள் அவனையே மணக்கிறாள். கலியாணத்தன்று ஊரே தெருவில் நின்று அவளுக்கு முதுகைக் காட்டுகிறது. கடைசியில் கோயில் மணிக்காரன் மனம் மாறி மணியை இழுக்கிறான். மணி கேட்டதும் ஊர் திரும்புகிறது.

றிஸ்னா அந்த ஊர் மக்களில் ஒருத்தி. தனி வசனம் கிடையாது.

3

நடிக்கும் பிள்ளைகளின் உம்மாவும் வாப்பாவும் பள்ளிக்கூடக் கந்தோருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நம்மில் குடும்பப் பெயர் ஏது? என் பெயரின் பின்பாதி என் வாப்பாவின் பெயர். ஹபீபாவினது அவளுடைய வாப்பாவின் பெயர். றிஸ்னாவினது என் பெயர். ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். இந்தப் பெண்மணி பிள்ளையின் சொந்தத் தாயா என்று கேட்டுப் படிவம் திரும்பி வந்தது. விளக்கம் எழுதி அனுப்பினேன். ஹபீபாவின் ஒப்பம் தமிழில் இருந்ததால், அது ஒப்பம்தானா என்று இரண்டாவது தடவையும் வந்தது.

“உம்மா, இங்கிலீசிலயே வைங்களன்,” என்றாள் றிஸ்னா.

“இங்கிலீசில வெச்சா அது என்ட ஒப்பம் இல்ல, புள்ள. அது ஒன்ட எழுத்து.”

மூன்றாவது தடவை ஒரு ஆசிரியரைச் சாட்சிக்குப் பிடித்து அனுப்பினோம். பிறகு திரும்பி வரவில்லை.

றிஸ்னா குசினியில் ஒத்திகை பார்ப்பாள். சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி நிற்பாள். மணப்பெண் படியிறங்குவதிலிருந்து மணி அடிக்கும் வரை சரியாக ஏழு எண்ண வேண்டும். அந்த ஏழு எண்ணும் வரை பாட்டும் இல்லை, வாத்தியமும் இல்லை, யாரும் அசையவும் கூடாது. நாடகத்தை நெறிப்படுத்தும் மிஸ் கார்ட்டர், நாவலின் உயிரே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தாராம். றிஸ்னா இங்கிலீசில் ஏழு வரை எண்ணிவிட்டுத் திரும்புவாள். சம்பல் அரைத்துக்கொண்டிருக்கும் ஹபீபா கையை நிறுத்திப் பார்ப்பாள். ஏன் சுவரோடு நிற்கிறாள் என்று கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அவள் மகளிடம் கேட்பதைக் குறைத்திருந்தாள்.

ஒருநாள் றிஸ்னா ஒரே ஒரு டிக்கெட்டை மேசையில் வைத்தாள்.

“வாப்பா, செவ்வாய்க்கிழம ஏழு மணிக்கு. வேலைக்குப் போற கோட்டோட வராதீங்க.”

“ஒண்டுதானே இரிக்கி.”

“ஓம். உம்மாவுக்கு விளங்காதுதானே. என்னத்துக்கு ரெண்டு மணித்தியாலம் கொட்டாவி விட்டுக்கிட்டு இரிக்கிற?”

ஹபீபா தையல் மெஷினை நிறுத்தவில்லை. உதட்டில் இரண்டு குண்டூசி. அவற்றின் இடுக்கால் சொன்னாள்: “விளங்காட்டி வாப்பாட்டக் கேப்பன்.”

“அதான் உம்மா பயம். நீங்க கேப்பீங்க. அங்க ஆக்கள் கதைக்கிறல்ல.”

“சரி, கேக்கல்ல. வந்து வாயத் தொறக்காம இரிப்பன். மெய்யாத்தான் சொல்லுறன். ஒன்னப் பாத்திட்டு வந்துடுவன்.”

றிஸ்னா என் பக்கம் திரும்பி இங்கிலீசில் சொன்னாள். உம்மா வரட்டும், ஆனால் அங்கே எல்லோர் முன்னாலும் தன்னை வெட்கப்படுத்தினால், இனி எதற்கும் கூப்பிட மாட்டாள், ஒரு நாளும். நான் மொழிபெயர்க்கவில்லை. ஹபீபா ஊசிகளை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, “விளங்கிட்டு,” என்றாள்.

4

இரண்டாவது டிக்கெட்டும் மேசைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை ஹபீபா பெருநாளுக்கு எடுத்த சேலையை உடுத்தாள். மண்டப வாசலில் அவளுடைய கைப்பையில் ஒரு பொட்டலம் கச்சான் கடலை இருப்பதைக் கண்டுபிடித்தேன். நம்மூரில் தியேட்டருக்குக் கச்சான் இல்லாமல் யார் போவது? வாங்கி என் நல்ல கோட்டுப் பைக்குள் போட்டு, இரண்டரை மணித்தியாலம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே நல்ல வெயில். உள்ளே முந்நூறு பேர் இருக்கும். சேலை உடுத்தவள் ஒருத்திதான். எங்கள் வரிசையில் ஒரு தாய் எழுந்து நின்று வழிவிட்டாள். ஹபீபா அவளுக்குச் சிரித்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. உடன்பாடு வாசலிலேயே அமுலுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது.

பாட்டுகள் நன்றாக இருந்தன. மணப்பெண்ணாக நடித்த ஜானெட் என்ற சிவப்பு முடிப் பிள்ளைக்குப் பதினாறு வயது. அந்த வயதுக்கு மீறிய குரல். றிஸ்னா கூட்டத்தின் இடது ஓரத்தில், தலையில் ஒரு வெள்ளைத் துணியுடன் நின்றாள். ஹபீபா வேறு யாரையும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. இடைவேளையிலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பழி வந்ததும், ஊர் ஒதுக்கியதும், அவளுக்கு மொழி இல்லாமலே விளங்கியிருந்தது.

5

எழுபத்தெட்டுச் சூறாவளியை இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அது அடித்துப் பத்தாம் நாள் ஹபீபாவின் தங்கைக்குக் கலியாணம். முன்பே வைத்த நாள். தள்ளிப்போட யாரும் நினைக்கவில்லை, தள்ளிப்போட்டு என்ன வரப்போகிறது? வீட்டுக்குக் கூரை இல்லை. வீட்டுக்கு முன் ஒழுங்கை முழுக்கத் தென்னை விழுந்து கிடந்தது. மரங்களைத் தாண்டித் தாண்டித்தான் மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார்கள்.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்கள் குரவை போட வேண்டும். அன்று யாரும் போடவில்லை. சுற்றிலும் வீடு இழந்தவர்கள் நின்றார்கள். அவர்கள் நடுவில் மகிழ்ச்சிச் சத்தம் எழுப்புவது முறையா என்று ஒவ்வொருத்தியும் மற்றவளின் முகத்தைப் பார்த்தாள். அப்போது, கடற்கரையில் குடிசையும் வலையும் எல்லாம் போய், மாற்றுச் சேலைகூட இல்லாமல் நின்ற ஒரு மீன்காரரின் மனைவி நாக்கைப் புரட்டித் தொடங்கினாள். பிறகு ஒழுங்கையே போட்டது. ஒருத்தி தொடங்கிவிட்டால் கேட்டு நிற்கும் மற்றப் பெண் சும்மா நிற்கக் கூடாது. அவளைத் தனியாக விடுவது அவளை அவமதிப்பது. நம்மிடமும் அப்படி, பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலும் அப்படி. சத்தத்தை மட்டும் கேட்டு எந்த வீட்டுக் கலியாணம் என்று பிரிக்க முடியாது.

றிஸ்னாவுக்கு அப்போது ஏழு வயது. ஹபீபாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவளும் முயன்றாள். எச்சில்தான் தெறித்தது. அன்று மாலை முழுக்கப் பயிற்சி எடுத்தாள்.

நான் அதை எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். உடைந்த பாலம், நிவாரணத் தகரம், அரிசி எல்லாம் அச்சில் வந்தன. குரவை வந்த பந்தியை வெட்டிவிட்டார்கள்.

6

இனி அந்த இடம்.

கோயில் கதவு திறந்தது. ஜானெட் வெள்ளை உடுப்பில் படியில் நின்றாள். வாத்தியங்கள் நின்றன. ஊர் முழுவதும் ஒரே அசைவில் முதுகைத் திருப்பியது. றிஸ்னாவின் முதுகும் தெரிந்தது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

மூன்று எண்ணியபோது ஹபீபா குரவை போட்டாள்.

கூரை உயரமான மண்டபம். அந்தச் சத்தம் மேலே போய்த் திரும்பி வந்தது. முன் வரிசையில் ஒருவர் நெருப்பு மணி என்று நினைத்துப் பாதி எழுந்தார். ஓரத்தில் நின்ற பெண் டோர்ச்சை எங்கள் பக்கம் அடித்தாள். அந்த வெளிச்சத்தில் ஹபீபாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு மூச்சு முடிந்து, என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்த கணம் அது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மண்டபத்தில் மறுபடி மௌனம். எண்ணிக்கை எனக்குத் தவறிவிட்டது.

மேடையில் இடது ஓரத்தில் ஒரு முதுகு திரும்பியது. றிஸ்னா எங்களைப் பார்க்கவில்லை. மணப்பெண்ணைப் பார்த்தாள். வாயருகே கையை வைத்துக் குரவை போட்டாள். ஏழு வருஷமாகப் புழங்காத நாக்கு. நடுவில் உடைந்தது. மூச்செடுத்துத் திரும்பத் தொடங்கி முடித்தாள்.

பிறகு மணி அடித்தது. ஜானெட் அழுதுகொண்டு சிரித்தாள், அது நடிப்பில்லை. மண்டபம் கைதட்டியது. கைதட்டல் எந்த வரிசையில் தொடங்கியது என்று நான் பார்க்கவில்லை. நிருபராக இருந்தவனுக்கு அது இழுக்குத்தான்.

7

முடிந்த பின் நடைபாதையில் மிஸ் கார்ட்டர் எங்களைத் தேடி வந்தார். ஒல்லியான பெண், கொண்டையில் ஒரு பென்சில். முகம் சிவந்திருந்தது. அந்த ஏழு விநாடிக்காக மூன்று மாதம் உழைத்தேன் என்றார். நாவலில் அப்படி ஒரு சத்தம் இல்லை என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். எனக்கு மனப்பாடமாக இருந்த இங்கிலீசு மன்னிப்பு ஒன்றுதான், ரயில் நிலைய ஒலிபெருக்கியில் நாளுக்கு இருபது தடவை கேட்பது. பயணிகளுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று முழுவதையும் சொல்லி முடித்தேன். மிஸ் கார்ட்டர் கொண்டைப் பென்சிலை எடுத்துத் திரும்பச் செருகினார். பிறகு றிஸ்னாவிடம், காலையில் முதல் பாடத்துக்கு முன் என் அறைக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் றிஸ்னா வழக்கம்போல் இரண்டு ஆசனம் முன்னால் போய் இருந்தாள். இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் எழுந்து வந்து எங்களுக்கு முன் ஆசனத்தில் திரும்பி உட்கார்ந்தாள்.

“வாயத் தொறக்கமாட்டன் எண்டு சொன்னீங்க.”

“தொறந்துட்டன், மகள்.”

“ஏன் உம்மா?”

“அந்தப் புள்ள எறங்கி வாறா. ஒரு பொம்புள, ஒரேயொரு பொம்புள, திரும்பிப் பாக்கல்ல. நான் என்ன கல்லா?”

“அது நாடகம் உம்மா.”

“நாடகமெண்டு எனக்குத் தெரியும். ஒன்ன மேடையில விட்டுட்டுக் கீழதானே இரிக்கன். தெரிஞ்சும் வந்துட்டு. சரி, நீ ஏன் போட்டாய்?”

றிஸ்னா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

“நீங்க தனியாப் போட்டீங்க. ஒருத்தரும் சேரல்ல.”

ஹபீபா முந்தானையை இழுத்து மகளின் கன்னத்தில் மிச்சமிருந்த மேடைச் சாயத்தைத் துடைத்தாள். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். றிஸ்னா முகத்தை விலக்கவில்லை.

“நாளைக்கு நாடகத்திலிருந்து என்னை எடுத்துடுவாங்க,” என்றாள். “பரவாயில்ல.”

பரவாயில்லை என்று சொன்ன பிள்ளை கண்ணைத் துடைத்தாள்.

8

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்து படுத்திருந்தேன். நாலு மணிக்குக் கதவு அடிபட்டது. றிஸ்னா படியேறி ஓடி வந்திருந்தாள்.

“உம்மா, இண்டைக்கும் வேணுமாம்.”

விவரம் பிறகு வந்தது. காலையில் மிஸ் கார்ட்டர் கேட்டிருக்கிறார், உனக்குக் கொடுத்த வேலை முதுகைத் திருப்பி நிற்பது, ஏன் திரும்பினாய் என்று. றிஸ்னா சொன்னாளாம்: என் உம்மாவின் ஊரில் மணி அடிக்கும் வரை பெண்கள் காத்துக்கொண்டிருப்பதில்லை. உங்கள் நாவலில் ஒரு ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒரு ஆண் கயிற்றை இழுக்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. மிஸ் கார்ட்டர் பென்சிலை எடுத்துப் பிரதியில் எதையோ எழுதி, எழுதியதை வெட்டி, மறுபடி எழுதினாராம். மூன்று எண்ணும் வரை மௌனம். பிறகு எஃப் பன்னிரண்டு. பிறகு றிஸ்னா. பிறகு மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிச் சேர வேண்டும்.

ஹபீபா தைத்த துணியை மடித்து வைத்தாள். “ஏலாது,” என்றாள்.

“உம்மா!”

“நேத்து என்னையறியாம வந்த. இண்டைக்குப் போறதெண்டா அழைப்பு வேணும். கலியாண வீட்டார் கூப்பிடாம நான் எந்த வீட்டுல போய்க் குரவை போட்டன்? டீச்சர் கூப்பிட்டாப் போதாது. பொண்ணுட உம்மா கேக்கணும்.”

நான் சிரித்தேன். றிஸ்னா சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பப் போனாள்.

ஐந்து மணிக்கு எங்கள் மூன்றாம் மாடி வாசலில் ஜானெட்டும் அவளுடைய தாயும் நின்றார்கள். தாய் ஒரு பேக்கரிக் கடையில் வேலை செய்பவர், கையில் ஒரு கேக் பெட்டி. முதல் நாள் எங்கள் வரிசையில் எழுந்து வழிவிட்ட பெண் அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. றிஸ்னா நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். தரையைப் பார்க்கவில்லை, எதையும் சுருக்கவில்லை.

“அவங்க சொல்றாங்க உம்மா, நேத்து நீங்க போட்டப்ப அவங்களுக்கு மேலெல்லாம் புல்லரிச்சதாம். என்ட மகளுக்கு ஆரோ ஒருத்தர் இரிக்காங்க எண்டு நெனச்சாங்களாம். இண்டைக்கும் வாங்க எண்டு கேக்காங்க.”

“எத்தன மணிக்கெண்டு கேளு,” என்றாள் ஹபீபா. “தேத்தண்ணி குடிக்காம ரெண்டு பேரும் போகேலா எண்டும் சொல்லு. தேங்காப்பால்ல கிண்டின தொதல் இரிக்கி. அது என்னெண்டு கேட்டா அதையும் சொல்லு.”

ஆறு மணிக்கு எல்லோரும் ஒன்றாக பஸ் ஏறினோம். மண்டபத்தின் பக்கவாட்டில், நடிக்கிறவர்கள் போகும் கதவடியில் றிஸ்னாவின் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் பழக்கத்தால் நின்றுவிட்டேன், அவள் தனியாகப் போகட்டும் என்று. றிஸ்னா திரும்பி வந்து உம்மாவின் கையைப் பிடித்தாள். அந்தப் பிள்ளைகளிடம் கூட்டிக்கொண்டு போய், இவ என்ட உம்மா என்று இங்கிலீசில் சொன்னாள். பிறகு கதவு மூடியது.

எனக்கு டிக்கெட் இல்லை. ஐந்து நாளுக்குமான டிக்கெட்டுகள் முன்பே விற்று முடிந்திருந்தன. எஃப் பன்னிரண்டைக் காலி பண்ணிக் கொடுத்ததே பெரிய காரியம் என்றார்கள்.

நடைபாதைச் சுவரில் சாய்ந்து, முதல் நாளிலிருந்து கோட்டுப் பைக்குள் கிடந்த கச்சானைச் சாப்பிட்டேன். சூடு காரணமாக அவசரக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிப் பாட்டு நின்றது. நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர், நான் விரல் மடக்கி எண்ணுவதைக் கண்டு நின்றார்.

மூன்றாம் விரலில் ஹபீபாவின் குரவை. தயக்கம் இல்லாத, கல்முனைக்குடிக் கலியாண வீட்டுக் குரவை. அதை விடாமல் பிடித்துக்கொண்டு றிஸ்னாவினது. நடுவில் உடையவில்லை. அதற்கு மேல் வேறு குரல்கள், பகல் சாப்பாட்டு நேரத்தில் றிஸ்னா பழக்கிய பிள்ளைகள். பாதிப் பேருக்கு எச்சில்தான் தெறித்திருக்கும், ஆனாலும் ஒருத்தியும் நிறுத்தவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த மனிதர் கேட்டார்.

“கலியாணம்,” என்றேன். தமிழில்தான் வந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சரியான நேரத்துக்கு மணியும் அடித்ததாக மிஸ் கார்ட்டர் சொல்கிறார். வெளியே நின்ற எனக்கு அது கேட்கவில்லை.